நீலம் வெளுத்தால் ஓசோனா?

அன்புள்ள தம்பிக்கு,

மின்னல் வெட்டும்போது காற்றின் நைட்ரஜன் நைட்ரேட்டாகி மழையோடு பாகூர் வயல்களில் இறங்குவதைப் படித்திருப்பாய். மின்பொறி பாய்ந்த காற்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கிடைப்பதைக் காவெண்டிஷ் 1785இலேயே காட்டினார். அதே மின்பொறியைத் தண்ணீரின் மேல் பாய்ச்சினால் ஹைட்ராக்சில், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன், நைட்ரைட் எல்லாம் உண்டாகும். காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இந்த நீரை ஆராய்ந்துவருகிறது. எது எவ்வளவு உண்டானது என்று எப்படி அறிவது என்பதுதானே உன் கேள்வி?

ஹைட்ராக்சிலின் ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். எனவே டெரிஃப்தாலிக் அமிலத்தை முன்கூட்டியே நீரில் கரைத்துவைப்பார்கள். ஹைட்ராக்சிலோடு சேர்ந்ததும் அது வேறு பொருளாகி, 310 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். பெராக்சைடைக் காட்ட டைட்டானியம் உப்பின் மஞ்சள் நிறம். நைட்ரைட்டுக்கு கிரீஸ் கரைசலின் இளஞ்சிவப்பு.

ஓசோனுக்கான சோதனை நம் மண்ணுக்கு உறவானது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்து, ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலத்துணி செனகல் வரை போனது. அந்த நீலத்தின் மூலக்கூற்றில் கரிம அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பை ஓசோன் வெட்டிவிடும், நீலம் வெளுக்கும். எவ்வளவு வெளுத்தது என்பதை 600 நானோமீட்டரில் அளந்து ஓசோனைக் கணக்கிடுவார்கள். குழாய்நீர் ஆய்வகங்களுக்கு இது நல்ல முறை.

மின்பொறி பாய்ந்த நீரில் மட்டும் இதை அப்படியே நம்பாதே. ஹைட்ராக்சிலும் அந்த நீலத்தை வெளுக்கும். நீர் புளிப்பேறியதும் பெராக்சைடும் நைட்ரைட்டும் தமக்குள் வினைபுரிந்து பெராக்சிநைட்ரைட் ஆகும், அதுவும் வெளுக்கும். ஓசோன் வாயு என்பதால் ஒரு வழி உண்டு: மின்சாரத்தை நிறுத்தியபின் நீருக்குள் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஓசோனை வெளியேற்றிவிட்டு நீலத்தைச் சேர்த்துப் பார். அப்போதும் வெளுத்தால் காரணம் வேறு.

பெராக்சைடும் நைட்ரைட்டும் ஒன்றையொன்று தின்பதால், மாதிரி எடுத்த நேரத்தை ஒவ்வொரு எண்ணோடும் எழுது. பெராக்சைடு அளக்கும்வரை குறையாமலிருக்க, நைட்ரைட்டை உடனே அழிக்க ஆய்வகங்களில் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அது கொடிய நஞ்சு. உயர் மின்னழுத்தமும் உயிரைக் குடிக்கும். இரண்டையும் வீட்டில் தொடவே தொடாதே. கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்.

முதலில் வாலைவடிநீரில் தொடங்கு. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரி நீரையோ கிணற்று நீரையோ எடுத்தால் பைகார்பனேட்டும் குளோரைடும் ஹைட்ராக்சிலை விழுங்கிவிடும். உரமிட்ட வயலிலிருந்து வடிந்த நைட்ரேட்டும் ஏற்கெனவே இருக்கலாம். மின்பொறி பாய்ச்சாத அதே நீரையும் ஒவ்வொரு சோதனைக்கும் உட்படுத்தி, அந்த எண்ணைக் கழித்த பிறகு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்