பெரிய கேம் நிறுவனங்கள் மக்களிடம் பணம் திரட்டலாமா?

வேலையில் சேர்ந்த புதிதில், கம்ப்யூட்டர் கேம் ஒன்றுக்காக 30 டாலர் கொடுத்தேன். அப்போது அந்த கேம் உருவாகவே இல்லை. நான்கு படங்களும் ஒரு சிறு வீடியோவும்தான் இருந்தன. 'நீங்கள் பணம் கொடுத்தால் உருவாக்குகிறோம்' என்றார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து கேம் வந்தது. இடையில் ஒரு பெரிய பப்ளிஷர் நிறுவனம் வந்து சேர்ந்துகொண்டது. வெளிவந்த சில மாதங்களிலேயே, நான் கொடுத்ததில் பாதி விலைக்கு அது விற்கப்பட்டது.

தாமதத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. நானும் சாஃப்ட்வேர் எழுதுபவன்தான். தேதி தள்ளிப் போவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது. பணம் உள்ள நிறுவனம் ஒன்று பின்னால் நிற்கிறது என்றால், என் 30 டாலர் எதற்கு? இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கிரவுட் ஃபண்டிங் எப்படி நடக்கிறது?

பலரிடம் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து ஒரு பொருளை உருவாக்குவதே கிரவுட் ஃபண்டிங். இதில் பிரபலமான கிக்ஸ்டார்ட்டர் தளம் 2009-ல் தொடங்கப்பட்டது. புராஜெக்ட் நடத்துபவர் ஒரு தொகையை இலக்காக அறிவிப்பார். அறிவித்த நாட்களுக்குள் இலக்கை எட்டினால்தான் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் யாருக்கும் செலவில்லை. எட்டினால், திரண்ட தொகையில் 5 சதவீதத்தைத் தளம் கட்டணமாக எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர்ப் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் பணம் கட்டினால் புத்தகம் குறைந்த விலையில் வீட்டுக்கு வரும். கிரவுட் ஃபண்டிங்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே எழுத்தாளர் பெரும்பாலும் எழுதி முடித்திருப்பார், அச்சடிப்பதுதான் பாக்கி. இங்கே எழுதும் வேலையே இனிமேல்தான். கேம் வந்தால் உங்களுக்கு ஒரு பிரதி கிடைக்கும். லாபத்தில் பங்கு கிடையாது.

பப்ளிஷரின் வேலை என்ன?

சினிமாவில் தயாரிப்பாளர் செய்வதைத்தான் கேம் துறையில் பப்ளிஷர் செய்கிறார். கேமை உருவாக்கும் ஸ்டுடியோவுக்கு முன்பணம் கொடுக்கிறார். விளம்பரமும் விற்பனையும் அவர் பொறுப்பு. கேம் விற்றால், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொண்ட பிறகே ஸ்டுடியோவுக்குப் பங்கு தருவார். பல ஒப்பந்தங்களில் கேமின் உரிமையும் அவருக்கே. விற்காவிட்டால் நஷ்டமும் அவருடையது. அந்த நஷ்ட பயத்தைத் தாங்குவதற்கான கூலிதான் அவருக்குக் கிடைக்கும் லாபம்.

யாருக்காக வந்த வழி இது?

2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் என்ற அமெரிக்க ஸ்டுடியோ, பப்ளிஷர்கள் கைவிட்டிருந்த பழைய பாணி அட்வெஞ்சர் கேம் ஒன்றுக்காக 4 லட்சம் டாலர் கேட்டது. 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கேட்டதைப் போல எட்டு மடங்கு! அதுவும் போதவில்லை. கேமை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை விற்ற பணத்தில் மறுபாதியை முடிக்க வேண்டி வந்தது. 'புரோக்கன் ஏஜ்' என்ற பெயரில் 2014-ல் முதல் பாதியும் 2015-ல் மறுபாதியும் வந்தன. குறைகள் இருந்தாலும், வேறு வழியில்லாத ஒருவர் மக்களிடம் வந்தார் என்ற நியாயம் அதில் இருந்தது.

அதே 2012-ல் அப்சிடியன் ஸ்டுடியோ 11 லட்சம் டாலர் கேட்டு, சுமார் 40 லட்சம் டாலர் திரட்டியது. அந்தச் சமயத்தில் அதன் தலைவர் ஃபியர்கஸ் அர்க்கார்ட் ஒரு செய்தியை வெளியிட்டார். சில பப்ளிஷர்கள் அவர்களை அணுகினார்களாம். அப்சிடியன் பெயரில் மக்களிடம் பணம் திரட்ட வேண்டும், அந்தப் பணத்தில் கேமை உருவாக்க வேண்டும், பிறகு பப்ளிஷர் அதை வெளியிடுவார். ஆனால் கேமின் உரிமை அப்சிடியனுக்கு இருக்காது, லாபத்திலும் ஒரு பகுதிதான் கிடைக்கும்! அப்சிடியன் இதற்குச் சம்மதிக்கவில்லை. உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, 2015 மார்ச்சில் 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யை வெளிக்கொண்டு வந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் பப்ளிஷரின் லாபம் அப்படியே இருக்கிறது. கூலிக்குக் காரணமான நஷ்ட பயம் மட்டும் உங்கள் தலைக்கும் என் தலைக்கும் மாறிவிடுகிறது.

எதிர்வாதங்கள்

அலுவலகத்தில் பக்கத்து சீட் நண்பரிடம் இதைச் சொன்னேன். "யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலையே, பிடிச்சா கொடு, இல்லன்னா விடு" என்றார். பெரிய பிரச்சாரங்களால் வரும் புதியவர்கள் பிறகு சிறிய புராஜெக்ட்களுக்கும் பணம் கொடுக்கிறார்கள் என்று 2012-ல் கிக்ஸ்டார்ட்டரே சொல்லியிருக்கிறது. இரண்டும் நியாயமான வாதங்கள்தான்.

இவற்றைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. பணம் முக்கியமில்லை, இந்த கேமை வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்பதே அது. கொனாமியிலிருந்து விலகிய கோஜி இகராஷி, 2015 மே மாதம் 'பிளட்ஸ்டெயின்ட்' கேமுக்காக 5 லட்சம் டாலர் கேட்டார். செலவில் சுமார் 90 சதவீதத்தை வேறு இடத்திலிருந்து பெற ஏற்பாடு இருக்கிறது, ரசிகர் ஆதரவை நிரூபித்தால்தான் அது கிடைக்கும் என்று அவர் சொன்னார். 55 லட்சம் டாலர் திரண்டது. 2019 ஜூனில் கேம் வந்தது. தாமதம்தான், ஆனால் பணம் கொடுத்தவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

இதற்கு மாறாக 'ஷென்மூ 3'ஐப் பாருங்கள். 2015 ஜூனில் சோனியின் ஈ3 மேடையிலேயே அதன் கிக்ஸ்டார்ட்டர் அறிவிக்கப்பட்டது. இலக்கு 20 லட்சம் டாலர், திரண்டது 63 லட்சம். சோனி எந்த அளவுக்கு உதவுகிறது, மீதிச் செலவு யாருடையது என்பது அறிவிப்பின்போது தெளிவாக இல்லை. பிறகு டீப் சில்வர் பப்ளிஷராக வந்தது. 2019-ல், பிசி பதிப்பு முதலில் எபிக் ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஸ்டீமில் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் கொதித்தார்கள். கடைசியில் விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். கேம் அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

நண்பருக்கு என் பதில் இதுதான். விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறோம். ஆனால் முழுக் கணக்கும் தெரிந்து கொடுத்தால்தான் அது விருப்பம்.

வேறு வழிகளும் உண்டு

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2014-ல் 'கலெக்டிவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தன் கேமுக்குப் பணம் கேட்காமல், சிறிய ஸ்டுடியோக்களின் பிரச்சாரத்துக்குத் தன் பெயரையும் ரசிகர் கூட்டத்தையும் கொடுத்தது. திரண்ட பணத்தில் ஒரு சிறு சதவீதத்தை எடுத்துக்கொண்டது. 'மூன் ஹன்டர்ஸ்' அப்படிப் பணம் திரட்டிய கேம்தான். 2015-ல் வந்த ஃபிக் தளமோ, விரும்பியவர்கள் முதலீடு செய்து விற்பனை வருமானத்தில் பங்கு பெறவும் வழி செய்தது. 'சைக்கோநாட்ஸ் 2' அங்கே 38 லட்சம் டாலர் திரட்டி, 2021-ல் வெளிவந்தது. ஃபிக்கை 2020-ல் ரிபப்ளிக் நிறுவனம் வாங்கிவிட்டது. ஆனால் நஷ்டத்தில் பங்கு கேட்பவர் லாபத்திலும் பங்கு தர வேண்டும் என்ற அதன் அடிப்படை சரியானதே.

ஆகவே என் முடிவு இது. பெரிய பப்ளிஷர் தன் செலவைக் குறைக்க மக்களிடம் வரக் கூடாது. ரசிகர் ஆதரவை அறிய வரலாம். ஆனால் தன் பணம் எவ்வளவு, உரிமை யாருக்கு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

1. மொத்தச் செலவு எவ்வளவு, இலக்குத் தொகை அதில் எத்தனை பங்கு?

2. மீதியைத் தருபவர் யார்? பப்ளிஷர் ஏற்கெனவே இருக்கிறாரா?

3. கேமின் உரிமை ஸ்டுடியோவிடம் இருக்குமா?

4. எந்தத் தளத்தில், எந்தக் கடையில் பிரதி தருவார்கள்? மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

5. ஓடும் மாதிரி ஏதாவது இருக்கிறதா, வெறும் படங்கள்தானா?

6. உங்கள் வங்கி வெளிநாட்டுக் கரன்சிக்குத் தனிக் கட்டணம் பிடிக்குமா?

முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் இல்லை என்றால் காத்திருங்கள். கேம் வெளிவந்த பிறகு, விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்கலாம். என் அனுபவத்தில் அப்போது விலையும் குறைவாகவே இருந்தது!