சட்டைப் பையில் பொட்டலம்

கோல் மார்க்கெட்டில் ஓர் அம்மா. மகனின் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. மகனுக்கு வயது 13.

அம்மா அடிக்கவில்லை. அடித்தால் பிள்ளை ஒளிப்பான், அவ்வளவுதான்.

"யாருடா கொடுத்தது?"

"பெரிய பசங்கம்மா. வேண்டாம்னா சிரிக்கிறாங்க. பள்ளிக்கூட வாசல் கடையிலதான் வாங்குறாங்க."

புகையிலையில் நிகோட்டின் இருக்கிறது. அது மீண்டும் மீண்டும் கேட்க வைக்கும். புகையிலையை மென்றால் வாயில் புற்றுநோய் வரலாம்.

2003-இல் ஒரு சட்டம் வந்தது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலை விற்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது.

மறுநாள் அம்மா தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனாள். பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவரும் கூடப் போனார்கள். எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. கடையைத்தான் சொன்னார்கள்.