தனியார் கார் பார்க் தண்டம்: கட்டுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா?



ஜும்ஆவுக்குப் பின்னர் எமது உதவி மேசைக்குக் கடிதத்தோடு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது: “சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் கொஞ்சம் நேரம் கூடிவிட்டது. 100 பவுண் கேட்டு எழுதியிருக்கிறார்கள். தனியார் கம்பனிதானே, குப்பையில் போடு என்கிறார் கூட்டாளி. போடலாமா?”

போடக் கூடாது என்பதே எமது பதில். ஆனால் பயந்துபோய் உடனே கட்டவும் வேண்டாம்.

கூட்டாளியின் யோசனை ஒரு காலத்தில் ஓரளவு பலித்ததுதான். காரை ஓட்டியவர் யார் என்று கம்பனிக்குத் தெரியாவிட்டால் அப்போது அதனால் அதிகம் செய்ய முடியவில்லை. 2012 ஒக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை மாறியது. சட்டம் சொல்லும் முறைப்படி அறிவித்தல் அனுப்பினால், காரின் பதிவுசெய்த உரிமையாளரிடமே பணத்தைக் கேட்கலாம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு.

தொகை அதிகம் என்ற வாதமும் உச்ச நீதிமன்றம் வரை போனது. செம்ஸ்ஃபோர்டில் 2 மணித்தியாலம் இலவசமான ஒரு கார் பார்க்கில் ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். 85 பவுண் கேட்டார்கள். பலகையில் நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருந்தது, தொகையும் நியாயமற்றதல்ல என்று 2015 நவம்பர் 4 அன்று தீர்ப்பானது.

ஆகவே கடிதம் வந்தால் இப்படிச் செய்யுங்கள்:

1. அனுப்பியது யார் என்று பாருங்கள். கவுன்சிலும் பொலிஸும் விதிப்பது அரச தண்டம். அதற்கு வழிமுறை வேறு. தனியார் கம்பனி அனுப்புவது ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணக் கோரிக்கை. இரண்டுக்கும் ‘பிசிஎன்’ என்ற ஒரே சுருக்கப் பெயர் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

2. திகதிகளைக் குறித்து வையுங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கமராவில் மட்டும் பிடித்திருந்தால், கார் நின்ற மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் அறிவித்தல் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பிந்தினால் அந்தச் சட்டப்படி உரிமையாளரிடம் கேட்க முடியாது. அனுமதித்த நேரம் முடிந்த பின் பொதுவாக 10 நிமிடச் சலுகையும் உண்டு.

3. ஆதாரம் சேருங்கள். கடை ரசீது, பலகையின் படம், பழுதான இயந்திரத்தின் படம், வைத்தியசாலைக் கடிதம் எல்லாம் உதவும்.

4. நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் முதலில் கம்பனிக்கே எழுதுங்கள். மறுத்தால், அது சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்து ‘பொப்லா’ அல்லது ‘ஐஏஎஸ்’ அமைப்பிடம் இலவசமாக மேன்முறையீடு செய்யலாம். பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழி மூடிவிடும்.

இங்கே ஒரு விடயத்தில் கவனம் தேவை. ஓட்டியவர் யார் என்று தனியார் கம்பனிக்குச் சொல்லும் கட்டாயம் சட்டத்தில் இல்லை, பேசாமல் இருக்கலாம். ஆனால் தான் ஓட்டிவிட்டு “நான் ஓட்டவில்லை” என்று எழுதுவது பொய். நூறு பவுணுக்காகப் பொய்ச் சாட்சி சொல்ல வேண்டாம்.

கடன் வசூலிப்போரின் கடிதங்கள் பயமுறுத்தும். அவர்கள் நீதிமன்ற அதிகாரிகள் அல்லர். வீட்டுக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் நீதிமன்றத்திலிருந்து படிவம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். 14 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். வழக்கை எதிர்ப்பதாக அறிவித்தால் எதிர்வாதம் எழுத 28 நாட்கள் வரை கிடைக்கும். பதிலே இல்லையென்றால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால் அது 6 வருடங்கள் பதிவேட்டில் நிற்கும்.

எம்மிடம் வந்த ஒரு சகோதரருக்கு நடந்தது அதுதான். முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். பின்னர் வீடு மாறினார். காரின் லாக்புக்கில் விலாசத்தை மாற்றவில்லை. நீதிமன்றப் படிவம் பழைய வீட்டுக்குப் போனது. வாடகைக்கு வீடு கேட்டு மறுக்கப்பட்டபோதுதான் தீர்ப்பு இருப்பதே அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகளோடு உறவினர் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. உங்கள் லாக்புக்கில் எந்த விலாசம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

தவறு நம்முடையதென்றால்? பலகையைப் பார்த்துக் காரை நிறுத்தினோம் என்றால் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டோம் என்பதே பொருள். உடன்பாட்டைக் காப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்தது. 14 நாட்களுக்குள் கட்டினால் வழமையாக 40 சதவீதம் குறையும். 100 பவுண் 60 ஆகும். கட்டிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தவறில்லை என்றால், குடும்பத்தின் பணமும் அமானிதம்தான், பயத்தில் கொடுத்துவிடாதீர்கள். எழுதத் தெரியாது என்று கடிதத்தை லாச்சியில் போட்டு மூடவும் வேண்டாம். கடிதத்தையும் அது வந்த உறையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து இருந்து எழுதுவோம்.