போக எட்டு மணி, வர ஏழு மணி

கேள்வி: மகளைப் பார்க்க லண்டன் வழியாக நியூயார்க் போனோம். ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்கு எட்டு மணி நேரம் ஆனது. திரும்பும்போது ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. தூரம் ஒன்றுதானே? பூமி சுழல்வதுதான் காரணம் என்கிறார் மருமகன். இணையத்திலோ போக, வர ஒரே நேரம் காட்டுகிறது. எதை நம்பி அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பூமி சுழலும்போது அதைச் சுற்றியுள்ள காற்றுமண்டலமும் கூடவே சுழல்கிறது. அதனால் கீழே நியூயார்க் உங்களை விட்டு விலகி ஓடுவதில்லை. ஆனால் மருமகன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. வெப்பமண்டலச் சூட்டுக்கும் துருவக் குளிருக்கும் உள்ள வேறுபாட்டால் சுமார் 10 கி.மீ. உயரத்தில் பலத்த காற்று பிறக்கிறது. அதைக் கிழக்கு நோக்கித் திருப்புவது பூமியின் சுழற்சி. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். அந்த முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் உலகம் கவனிக்கவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி இது.

உங்கள் பயணத்துக்கு வருவோம். ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 5,550 கி.மீ. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. பறக்கிறது என்று வையுங்கள். எதிர்க்காற்று 100 என்றால் தரைக்கணக்கில் 800தான். ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 1,000. ஐந்தரை மணி நேரம். ஆற்றோட்டத்தில் படகு விடுகிறவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இதோடு ஓடுபாதைக்குப் போகும் நேரம், ஹீத்ரோ வானில் இறங்கக் காத்துச் சுற்றும் நேரம் எல்லாம் சேரும். அட்டவணையில் இருப்பது வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரம். தூரத்தை ஒரே வேகத்தால் வகுக்கும் இணையக் கணிப்பானுக்கு இவை எதுவும் தெரியாது.

குறுகிய கோட்டிலேயே எப்போதும் பறப்பதும் இல்லை. காற்றின் முன்கணிப்பைப் பார்த்து, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக், கனடாவின் கேண்டர் ஆகிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் அட்லாண்டிக்கின் மேல் தினமும் பாதைகளை வகுக்கின்றன. கிழக்கே வருபவை ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் போகின்றன. மேற்கே போகிறவை தூரம் கூடினாலும் அதைத் தவிர்க்கின்றன. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் ஒலித்தடையை அது உடைக்கவில்லை. சுற்றியிருந்த காற்றும் அதே திசையில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே, டிக்கெட் எடுக்கும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள். நீங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைப் பாருங்கள். அதிலுள்ள புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் பெரும்பாலான நாட்களில் லண்டனுக்கு 5 மணி நேரம் பின்தங்கியது. குளிர்காலத்தில் மேற்கே போகும்போது விமானம் மாறுவதற்கான இடைவெளியைத் தாராளமாக வையுங்கள். முடிந்தவரை இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறொன்றில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.