கேபிள் பொருத்தும் வேளை

நாட்பட்ட வலியைத் தண்டுவடத்துக்குக் கொடுக்கும் மின்தூண்டலால் தணிக்கும் சிகிச்சை, மெல்ஸாக், வால் என்னும் இரு அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட சித்தாந்தத்தை ஆதாரமாகக் கொண்டு, 1967-இல் அமெரிக்க அறுவை நிபுணர் ஷீலியின் கையால் முதன்முதலில் நடந்தேறியது. நிரந்தரக் கருவியைப் புதைக்குமுன், லீடு என்னும் மின்முனைக் கம்பியை மட்டும் உள்ளே செலுத்தி, தூண்டும் பெட்டியை வெளியே வைத்துச் சில நாள் பரீட்சித்து, வலி பாதியேனும் குறைந்தால்தான் மேற்கொண்டு செல்வது என்பது இன்றைய சம்பிரதாயம்.

வலி நிவாரண மருத்துவனாக நான் கண்டவரையில், லீடைச் செலுத்தும் ஊசி, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிட்யூரல் இடைவெளியை எட்டும்வரையும், லீடு எக்ஸ்ரே திரையில் எட்டாவது, ஒன்பதாவது மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்துக்கு ஏறும்வரையும் மூச்சடக்கி நிற்கும் எல்லோரும், அதைக் கேபிள் வழியாகப் பெட்டியுடன் இணைக்கும் வேளையில் சற்றே அலட்சியம் கொண்டுவிடுகிறார்கள். லீடின் வால்முனையிலுள்ள உலோக வளையங்களை உலர்ந்த காஸால் துடைத்த பிறகே கேபிளின் இணைப்பானுக்குள் நுழைக்க வேண்டும். இரு வளையங்களுக்கிடையே தங்கிய ரத்தமோ ஸலைனோ மின்சாரத்துக்குக் குறுக்குவழியாகி, மின்தடை அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். மாறாக, மின்தடை மிகுந்து காட்டினால், லீடைக் குறைசொல்லுமுன் இணைப்பானைத் திறந்து, முனை கடைசிவரை போயிருக்கிறதா என்று பார்ப்பதே விவேகம். ஊசியின் இடத்தை அறியக் காற்றைப் பயன்படுத்தியிருந்தால், அந்தக் குமிழியும் காரணமாகலாம். கேபிளின் மறுமுனை கிருமிநீக்கிய பரப்பைத் தாண்டி வெளியாளின் கைக்குப் போய்விட்டால், பிறகு அது திரும்பி வரலாகாது.

இரண்டு லீடுகள் வைக்கும்போது இடது வலது அடையாளத்தை அப்போதே கேபிளில் ஒட்டிவிடுவது என் வழக்கம். குப்புறப் படுத்திருந்த ஒரு மூதாட்டியிடம், இடது லீடைத் தூண்டுவதாக எண்ணிக்கொண்டு, “எங்கே என்ன தெரியுதும்மா?” என்று கேட்டேன். “வலது கெண்டைக்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குங்க டாக்டர்” என்றார். லீடை நகர்த்தலாமா என்று உதவியாளர் கேட்டார். பெட்டியருகே போய்ப் பார்த்தால், இரு கேபிள்களும் துளை மாறிச் செருகப்பட்டிருந்தன. “இடது காலில் தெரிகிறதா?” என்று நாமே விடையை ஊட்டிக் கேட்டிருந்தால், மயக்கமருந்தின் லேசான கிறக்கத்தில் அவர் ஆமாம் என்று தலையசைத்திருக்கவும் கூடும். மயக்கம் தருபவரிடம், பேசும் நிலைக்கு நோயாளியை மீட்கும் தருணத்தை முன்கூட்டியே சொல்லி வைப்பது அதனால்தான்.

பரிசோதனை முடிந்ததும் மின்னளவைச் சூன்யத்துக்கு இறக்கிவிட்டே கேபிளைக் கழற்றுக. ஊசியையும் லீடின் உள்கம்பியையும் உருவும்போது எக்ஸ்ரே திரையில் கண்ணும் லீடின்மேல் ஒரு கையும் இருக்கட்டும். மில்லிமீட்டர் கணக்கில் நழுவினாலும் உணர்ச்சி விழும் இடம் மாறிவிடும். நோயாளியை மல்லாத்தும்போதும் பெட்டி அணைந்தே இருக்க வேண்டும்: குப்புறக் கிடக்கையில் லீடிலிருந்து விலகி நிற்கும் தண்டுவடம், மல்லாந்ததும் அதன் அருகே வந்துவிடுவதால், சற்றுமுன் இதமாக இருந்த அதே அளவு ஷாக்காகத் தாக்கும். வார்டு நர்ஸிடமும் இதைச் சொல்லியே அனுப்புகிறேன்.