ஃபுட்பால் டேட்டாவும் உங்க எஸ்ஐபியும்: ரிசல்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாமா?

"சார், ஒரு வருஷமா ஃபண்ட் மைனஸ்ல இருக்கு. 5,000 ரூபாய் எஸ்ஐபியை நிறுத்திடவா?" வீடியோ கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. பதிலை ஃபுட்பால்ல இருந்து பார்க்கலாம்.

2017-18 ஐஎஸ்எல் லீக்ல பெங்களூரு எஃப்சி 18 மேட்ச்ல 40 புள்ளி, நம்ம சென்னையின் எஃப்சி 32. ஆனா ஃபைனல்ல சென்னையின் 3-2ன்னு ஜெயிச்சு கோப்பையைத் தூக்கிச்சு. ஃபுட்பால்ல கோல் குறைவு. அதனால ஒரே மேட்ச்ல அதிர்ஷ்டத்தோட பங்கு பெருசு.

அதான் கிளப்கள் 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' கணக்குப் பார்க்கிறாங்க. ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்புன்னு, பழைய ஷாட்களை வெச்சு மதிப்பு போடுவாங்க. பெனால்ட்டிக்குச் சுமார் 0.76. ரொம்ப தூரத்துல இருந்து அடிச்சா 0.05-க்கும் கீழே.

2014-15ல யுர்கன் க்ளாப்போட டார்ட்மண்ட் ஒரு கட்டத்துல கடைசி இடம், முடிவுல ஏழாவது. லிவர்பூலோட டேட்டா நிபுணர் இயன் கிரஹாம், உருவான வாய்ப்புகளை அலசி, 'ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, அதிர்ஷ்டம்தான் இல்ல'ன்னு கண்டுபிடிச்சார். 2015 அக்டோபர்ல க்ளாப் லிவர்பூல் வந்தார். 2019ல சாம்பியன்ஸ் லீக், 2020ல பிரீமியர் லீக்!

இதுக்காக, அடிவாங்குற எல்லா ஃபண்டும் டார்ட்மண்ட் ஆகிடாது. பிரிச்சுப் பார்க்கணும்:

1. மார்க்கெட்டே இறங்கிச்சா, ஃபண்ட் மட்டும் இறங்கிச்சா? பெஞ்ச்மார்க்கோட டிஆர்ஐ இண்டெக்ஸோட ஒப்பிடுங்க.

2. ஒரு வருஷ ரிட்டர்ன் ஒரு மேட்ச் மாதிரி. 5 வருஷ ரோலிங் ரிட்டர்ன் பாருங்க. அதாவது, ஒவ்வொரு மாசமும் தொடங்கி 5 வருஷம் வெச்சிருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு.

3. ஃபண்ட் மேனேஜர், முதலீட்டு பாணி, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ மாறியிருக்கா?

மார்க்கெட்டோட சேர்ந்து இறங்கி, மத்த ரெண்டும் சரியா இருந்தா எஸ்ஐபி தொடரலாம். ரோலிங் ரிட்டர்னும் இண்டெக்ஸைவிட தொடர்ந்து கம்மின்னா, அது அதிர்ஷ்டப் பிரச்சினை இல்ல. ஃபண்டை மாத்த யோசிங்க. அப்பவும் விக்கிறதுக்கு முன்னாடி எக்ஸிட் லோடு, வரி ரெண்டையும் கணக்குப் போடுங்க.

எங்க ஆரணியில பட்டுச் சேலை வாங்குறவங்க பளபளப்போட நிறுத்திக்க மாட்டாங்க. பின்பக்கம் திருப்பி நெசவையும் பார்ப்பாங்க. ரிட்டர்ன் வெறும் முன்பக்கம்தான்.

மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணத்தை மட்டும் ஈக்விட்டியில போடாதீங்க. சீசன் முடியுற வரை காத்திருக்க அந்தப் பணத்துக்கு நேரம் கிடையாது.