இடுகாட்டு நிலத்தில் எழுந்த ஊர்



இலண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் உள்ள வோக்கிங், காலையில் ரயிலேறித் தலைநகருக்கு வேலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்புவோர் நிறைந்த ஊர். 1838-இல் இங்கு ரயில் நிலையம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் புதர் மண்டிய பொதுநிலமே இருந்தது. பழைய வோக்கிங் ஒரு மைலுக்கும் அப்பால், வெய் ஆற்றங்கரையில் இருந்தது.

அப்புதர்க்காட்டை நாடி முதலில் வந்தவர்கள் குடியேற வந்தவர்கள் அல்லர். இலண்டனின் இடுகாடுகள் இடமின்றி நிரம்பிவிட்ட நிலையில், 1852-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அமைந்த இலண்டன் நெக்ரோபோலிஸ் நிறுவனம் இங்கே 2,000 ஏக்கருக்கு மேல் வாங்கி, 1854-இல் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தைத் திறந்தது. வாட்டர்லூ அருகிலிருந்து சவப்பெட்டிகளையும் துக்கத்துக்கு வந்தோரையும் ஏற்றிய தனி ரயில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே வந்து நின்றது. உறவினருக்குப் போகவர உள்ள சீட்டும், சவப்பெட்டிக்கு ஒருவழிச் சீட்டும், இரண்டுமே வகுப்பு வாரியாக, வழங்கப்பட்டன. அடக்கங்கள் எதிர்பார்த்த அளவுக்கு நடவாததால், நிறுவனம் மிச்ச நிலத்தை மனைகளாக விற்கத் தொடங்க, நிலையத்தை ஒட்டிக் கடைகளும் வீடுகளும் எழுந்தன. பொது நன்மைக்கெனச் சட்டம் இயற்றி எடுத்த நிலம் மனை வணிகத்துக்குப் போனது முறையன்று. ஊர் ஒழுங்கான திட்டமின்றி வளர்ந்ததற்கும் அதுவே காரணம்.

ரயில் பாதையோரம் பச்சைக் குவிமாடத்துடன் நிற்கும் சிறிய ஷாஜகான் மசூதியை அவசியம் பார்க்க வேண்டும். கீழைமொழி அறிஞர் லைட்னர், போபால் அரசி ஷாஜகான் பேகத்தின் நன்கொடையைக் கொண்டு 1889-இல் எழுப்பிய இதுவே, பிரிட்டனில் மசூதியாகவே கட்டப்பட்ட முதற்கட்டடம். முதல் உலகப்போரில் காயமுற்று இங்கிலாந்தில் இறந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக அருகே அமைந்த இடுகாடு, இன்று அமைதித் தோட்டமாகப் பேணப்படுகிறது.

ஊரின் ஊடே செல்லும், 1794-இல் முழுமையடைந்த பேசிங்ஸ்டோக் கால்வாய், சரக்குப் படகுகள் மறைந்தபின் தூர்ந்து, தன்னார்வலர்களின் நெடிய உழைப்பால் 1991-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் கரைப்பாதையில் நடைபயில்வோரும் சைக்கிளோட்டிகளும் செல்கின்றனர். லைட்பாக்ஸ் கலைக்கூடமும் அக்கால்வாய்க் கரையிலேயே உள்ளது. நிலையத்தருகே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழப் பெருங்கடன் வாங்கிய நகர்மன்றம், வரவுக்குள் செலவை அடக்க இயலாது என 2023-இல் முறைப்படி அறிவித்தது. அதன்பின் ஊர்ப் பொதுவசதிகளுக்கான செலவும் வெட்டப்பட்டது. மனையாகாமல் தப்பிய ஹார்செல் பொதுவெளியை மட்டும், 1910-இல் தோன்றிய உள்ளூர்ப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் காத்து வருகிறது. எச். ஜி. வெல்ஸ் 1898-இல் வெளியிட்ட நாவலில் செவ்வாய்க் கோளினரை இறக்கிய மணற்குழி அங்கேதான் உள்ளது.